ஒன்பது நாள் தலைவலி: முதுகில் ஊசி போட்டு உடம்பை மரத்துப்போக வைத்த ஆகஸ்ட் பியர்

சிரிஞ்சும் ஊசியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

1898 ஆகஸ்ட் 24. ஜெர்மனியின் கீல் நகரம். 36 வயது அறுவை சிகிச்சை நிபுணர் ஆகஸ்ட் பியர், தன் உதவியாளர் ஹில்டெபிராண்டிடம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். ஹில்டெபிராண்ட் இடுப்புப் பக்கம் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசியைச் சரியான ஆழத்துக்குச் செலுத்திவிட்டார். ஊசியின் வாய் வழியாகத் தண்ணீர் மாதிரி தெளிவான திரவம் வந்தது. மருந்து நிரப்பிய சிரிஞ்சை மாட்டப் போனால், அது ஊசியில் உட்காரவே இல்லை. மருந்தில் பெரும்பகுதி வெளியே வழிந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற திரவமும் கணிசமாகக் கொட்டியது.

பியருக்கு உடம்பு மரத்துப் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒன்பது நாள் தலைவலி வந்தது.

இன்றைக்கு சிசேரியன், ஹெர்னியா, மூட்டு மாற்று என்று லட்சக்கணக்கான ஆபரேஷன்களில் போடப்படும் ஸ்பைனல் ஊசி, அதாவது தண்டுவட மயக்க ஊசி, பியரின் கையிலிருந்து வந்ததுதான். அந்த ஊசியால் நரம்பு மண்டலத்துக்கு வரக்கூடிய தொல்லையைத் தன் உடம்பிலேயே அனுபவித்து, மறைக்காமல் எழுதி வைத்தவரும் அவர்தான். முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடுமா என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை என்பதற்கான விடையும் இவர் கதையோடு சேர்ந்தே வருகிறது.

மூன்று கண்டுபிடிப்புகள், ஒரு ஆள்

பியர் 1861 நவம்பர் 24 அன்று ஜெர்மனியின் வால்டெக் பகுதியில் உள்ள ஹெல்சன் என்ற ஊரில் பிறந்தார். பெர்லின், லைப்சிக், கீல் என்று மூன்று ஊர்களில் மருத்துவம் படித்தார். கீலில் ஃபிரீட்ரிக் ஃபான் எஸ்மார்க்கிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கை கால் ஆபரேஷனில் ரத்தம் கொட்டாமல் இருக்க ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுகிற முறைக்குப் பேர்போனவர் எஸ்மார்க்.

அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றால் குளோரோஃபார்ம் அல்லது ஈதர். முகத்தில் துணியை வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கொஞ்சம் கூடினால் மூச்சு நிற்கும், இதயம் நிற்கும். மயக்கம் தெளிந்தவருக்கும் வாந்தி, இருமல், குமட்டல். நோயாளிகள் கத்தியைவிட மயக்க மருந்துக்கே அதிகம் பயந்ததில் ஆச்சரியமில்லை.

ஆளைத் தூங்க வைக்காமல் வலியை மட்டும் நிறுத்த முடியுமா? 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர், கோகெய்ன் சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போக வைக்கலாம் என்று காட்டினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் லியோனார்ட் கார்னிங் என்ற நரம்பியல் மருத்துவர் முதுகெலும்புகளுக்கு இடையே கோகெய்னைச் செலுத்திப் பார்த்தார். ஆனால் மருந்து தண்டுவடத் திரவத்துக்குள் போனதா, வெளி உறையோடு நின்றுவிட்டதா என்பதில் இன்றும் வாதம் உண்டு. 1891-ல் ஹைன்ரிக் குவிங்கே, முதுகில் ஊசி செலுத்தி அந்தத் திரவத்தைப் பாதுகாப்பாக எடுக்கும் வழியை விளக்கினார். அவர் வேலை பார்த்ததும் இதே கீலில்தான்.

கோகெய்ன் இருந்தது, ஊசி இருந்தது, வழியும் தெரிந்திருந்தது. மூன்றையும் சேர்த்தவர் பியர்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் இரண்டு எலும்புகள் பக்கமே அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஒரு பைக்குள் திரவம் நிரம்பியிருக்கும். அதில் குதிரை வால் முடி மாதிரி நரம்புகள் மிதக்கும். அங்கே கொஞ்சம் மருந்து விட்டால் போதும், இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. ஊசி நுழைகிற இடத்தில் தண்டுவடமே இல்லை. நரம்புகளும் திரவத்தில் மிதப்பதால் பெரும்பாலும் ஊசி நுனிக்கு விலகிக் கொடுக்கும். இந்த ஊசியின் பாதுகாப்புக்கு முக்கியக் காரணம் உடம்பின் இந்த அமைப்புதான்.

சோதனை முதலில் யார் மீது?

பியர் முதலில் தன் மீதுதான் சோதித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நோயாளிகள் மீதுதான் முதலில்.

1898 ஆகஸ்ட் 16 அன்று 34 வயதுத் தொழிலாளி ஒருவர் வந்தார். கணுக்காலில் காசநோய் பிடித்திருந்தது. முன்பு பொது மயக்கம் கொடுத்தபோது மிகவும் அவதிப்பட்டவர் என்பதால் மறுபடி அதற்கு மனசில்லை. பியர் அவர் முதுகில் 15 மில்லிகிராம் கோகெய்னைச் செலுத்தினார். காலில் கத்தி பட்டும் அவருக்கு வலி தெரியவில்லை. சில மணி நேரத்தில் வாந்தி, முதுகுவலி, கடுமையான தலைவலி வந்தன. அந்த மாதம் மொத்தம் ஆறு பேருக்கு, எல்லாமே இடுப்புக்குக் கீழே நடந்த ஆபரேஷன்களுக்காக, இப்படிச் செய்தார். அதில் சிறுவர்களும் இருந்தார்கள். இன்றைய மருத்துவ அறக்குழு எதுவும் இதற்கு அனுமதி தந்திருக்காது.

வலி போனது சரி, பின்னாடி வருகிற இந்தத் தலைவலியும் வாந்தியும் ஏன்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் தன் முதுகைக் காட்டினார்.

அவர் முறை சொதப்பியதும் ஹில்டெபிராண்ட் தன் முதுகைக் காட்டினார். இந்த முறை சிரிஞ்சு சரியாகப் பொருந்தியது. 5 மில்லிகிராம் கோகெய்ன் உள்ளே போனது. சில நிமிடங்களில் கால்கள் மரத்தன. பியர் ஊசியால் குத்தினார், கிள்ளினார், எரிகிற சுருட்டைக் காலில் வைத்தார், இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடித்தார். ஹில்டெபிராண்டுக்கு வலிக்கவில்லை. சுமார் முக்கால் மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பியது. இருவரும் சந்தோஷமாகச் சாப்பிடப் போனார்கள். ஒயின் குடித்தார்கள், சுருட்டுப் பிடித்தார்கள், கொஞ்சம் அளவு மீறியே.

அன்று இரவே ஹில்டெபிராண்டுக்கு வாந்தியும் தலைவலியும் ஆரம்பித்தன. சுத்தியல் அடிபட்ட கால்களும் பல நாள் வலித்தன. அந்த நிலையிலும் அவர் வேலைக்குப் போனார். பியர் மறுநாள் காலை நன்றாகத்தான் நடந்து வந்தார். பிறகு தலைவலி ஏறியது. எழுந்து உட்கார்ந்தால் தலை வெடிக்கும், சுற்றும். படுத்தால் போய்விடும். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி வரும். ஒன்பது நாள் கழித்துத்தான் அது விட்டது.

உட்கார்ந்தால் வலி, படுத்தால் நிம்மதி

ஸ்பைனல் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு வரும் தலைவலியின் அடையாளம் இன்றும் இதுதான். சாதாரண தலைவலிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, மருத்துவர்கள் முதலில் கேட்பதும் இந்தக் கேள்வியைத்தான்.

காரணத்தையும் பியர் கிட்டத்தட்டச் சரியாகவே ஊகித்தார். திரவம் அதிகமாக வெளியேறியதுதான் காரணமாக இருக்க வேண்டும், ஆகவே அதை வீணாக்கக் கூடாது என்பது அவர் முடிவு. தண்டுவடத்தைச் சுற்றி டியூரா என்ற உறை இருக்கிறது. ஊசி அதில் ஓட்டை போடுகிறது. ஓட்டை பெரிதாக இருந்தால் ஊசியை எடுத்த பிறகும் திரவம் கசிந்துகொண்டே இருக்கும். மண்டைக்குள் மூளை அந்தத் திரவத்தில் மிதக்கிறது. திரவம் குறைந்தால், எழுந்து நிற்கும்போது மூளை லேசாகக் கீழிறங்குகிறது. அதைத் தாங்கியிருக்கும் உறைகளும் ரத்தக் குழாய்களும் இழுபடுகின்றன. அதுதான் வலி. பியர் காலத்து ஊசி பருமனானது. அவருக்கு அவ்வளவு வலித்ததில் வியப்பில்லை.

இதே இழுபறி அபூர்வமாக வேறு வடிவத்திலும் வரும். கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்பும் ஆறாவது மூளை நரம்பு, மண்டைக்குள் நீளமான பாதையில் போகிறது. மூளை கீழிறங்கும்போது அது இழுபட்டால், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சிலருக்கு ஊசி போட்டுப் பல நாள் கழித்துத்தான் இது வரும் என்பதால் ஆபரேஷனோடு யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். இன்னும் அபூர்வமாக, மூளையின் மேல்பரப்பில் இருக்கும் சிறு ரத்தக் குழாய் அறுந்து ரத்தம் தேங்கலாம். படுத்தாலும் போகாத தலைவலியாக அது மாறும். இதில் காத்திருக்கக் கூடாது, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கண்டுபிடித்தவரே தயங்கினார்

1899-ல் பியர் எல்லாவற்றையும் ஜெர்மானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். வெற்றியை மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னாடி என்ன வந்தது, தனக்கும் உதவியாளருக்கும் என்ன ஆனது, எல்லாம் அதில் இருந்தது. ஒயினும் சுருட்டும்கூட.

பாரிஸில் தியோடர் துஃபியே இதைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் பரப்பினார். அமெரிக்காவுக்கும் போனது. மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது பியர் பிரேக் போட்டார். கோகெய்ன் விஷத்தன்மை உள்ளது, இதைவிடப் பாதுகாப்பான மருந்து வராமல் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க முடியாது என்பது அவர் நிலை. தன் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோகிற ஒரு கண்டுபிடிப்பை அவரே பிடித்து நிறுத்தப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் மரியாதைக்குரிய இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும், சுத்தியல் கதையை அல்ல.

1904-ல் ஸ்டோவைன், 1905-ல் நோவோகெய்ன் என்ற புரோகெய்ன் வந்தன. கோகெய்ன் ஓரம் போனது. பியர் கிரைஃப்ஸ்வால்ட், பான் என்று பேராசிரியர் பதவியில் நகர்ந்து 1907-ல் பெர்லினுக்கு வந்தார். 1908-ல் இன்னொரு முறை கண்டுபிடித்தார். கையை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, சிரைக்குள் புரோகெய்ன் செலுத்தினால் அந்தக் கை மட்டும் மரத்துவிடும். குருநாதர் எஸ்மார்க்கின் பட்டையை வைத்தே செய்த வேலை. இன்றும் அதற்குப் பியர் பிளாக் என்றே பெயர்.

அதன் பிறகு அவர் வாழ்க்கை பல பக்கம் கிளை விட்டது. முதல் உலகப் போரில் சின்னச் சின்ன உலோகச் சில்லுகள் வீரர்களின் மூளையைச் சிதைப்பதைப் பார்த்து, பொறியாளர் ஃபிரீட்ரிக் ஷ்வெர்டோடு சேர்ந்து ஜெர்மானிய எஃகுத் தலைக்கவசம் உருவாகக் காரணமானார். 1920-ல் பெர்லினில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரிக்கு முதல் தலைவரானார். 1925-ல் ஹோமியோபதியைப் புறக்கணிக்கக் கூடாது என்று எழுதி, சக மருத்துவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1937-ல் ஹிட்லர் அரசு, நோபல் பரிசுக்குப் போட்டியாக உருவாக்கிய தேசியப் பரிசை, அறுவை சிகிச்சை நிபுணர் சவர்புரூக்கோடு பகிர்ந்து பெற்றார். அவர் வரலாற்றில் அந்தக் கறையும் இருக்கிறது.

ஒரே நாள், இரண்டு பேர்

பெர்லினுக்குக் கிழக்கே சாவன் என்ற கிராமத்தில் பியர் 1912-ல் ஒரு பண்ணை வாங்கியிருந்தார். வெறும் பைன் மரமாக நின்ற மணற்காட்டில் பலவகை மரங்களை நட்டுக் கலப்புக் காடாக மாற்றினார். ஓய்வுக்குப் பிறகு அங்கேயே இருந்துவிட்டார்.

அவர் அங்கே 85 வயதில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஸ்பைனல் ஊசியின் பெயரையே கெடுத்த சம்பவம் நடந்தது. 1947 அக்டோபர் 13. ஒருவருக்கு முழங்கால் பிரச்சினை, இன்னொருவருக்கு விரைவீக்கம். இரண்டுமே சின்ன ஆபரேஷன். இருவருக்கும் ஒரே நாளில், ஒரே மருத்துவர் ஸ்பைனல் போட்டார். இருவருக்கும் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்தது.

வழக்கு நடந்தது. மருந்துக் குப்பிகளைக் கிருமி நீக்க ஃபீனால் கரைசலில் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக ஃபீனால் உள்ளே கசிந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஏற்றது. அப்படி ஓர் ஆபத்து 1947-ல் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் மருத்துவர் மீது தவறில்லை என்று 1954-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்ட இருவருக்கும் நஷ்டஈடு கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து நிபுணர்கள் வேறு காரணத்தைச் சுட்டினார்கள்: ஊசியும் சிரிஞ்சும் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் உப்புப் படிவை நீக்கப் பயன்படுத்திய அமிலம் சரியாகக் கழுவப்படாமல் மிச்சம் இருந்திருக்கலாம். எது உண்மையாக இருந்தாலும், அந்தக் கால்களைப் பறித்தது மயக்க மருந்தல்ல, அதோடு கலந்த வேறு ஏதோ ஒன்று.

ஆனால் பயத்துக்கு இந்த விவரம் தேவைப்படவில்லை. 1950-ல் பிரபல நரம்பியல் மருத்துவர் ஃபாஸ்டர் கென்னடி, ஸ்பைனலால் வரும் தண்டுவட முடக்கம் பற்றி எழுதிய கடுமையான கட்டுரை எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. பிரிட்டனில் ஒரு தலைமுறைக்கு மருத்துவர்கள் இந்த ஊசியைத் தொடவே தயங்கினார்கள்.

பியர் இதையெல்லாம் முழுக்கப் பார்க்கவில்லை. 1949 மார்ச் 12 அன்று, 87 வயதில், சாவனில் இறந்தார். தான் வளர்த்த காட்டிலேயே புதைக்கப்பட்டார்.

எண்ணிப் பார்த்தபோது

பயத்துக்குப் பதில் சொன்னது எண்ணிக்கை. அமெரிக்காவில் வாண்டம், டிரிப்ஸ் என்ற இரு மருத்துவர்கள், 10,098 ஸ்பைனல் ஊசிகளுக்குப் பிறகு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். தலைவலி பலருக்கு வந்தது. நிரந்தரமான பெரிய நரம்புப் பாதிப்பு ஒன்றுகூட இல்லை என்று 1954-ல் எழுதினார்கள். 2006-07-ல் பிரிட்டனின் மயக்கவியல் கல்லூரி நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. ஸ்பைனல், எபிடியூரல் எல்லாம் சேர்த்து ஓராண்டில் 7 லட்சத்துக்குச் சற்று அதிகமான ஊசிகள். சந்தேகக் கேஸ்களையும் சேர்த்தால் நிரந்தரப் பாதிப்பு 30 பேருக்கு, ஊசிதான் காரணம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தவர்கள் 14 பேர். ஒரு லட்சத்துக்கு 2 முதல் 4 பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைவுதான். ஆனால் பூஜ்யம் இல்லை. அந்தச் சிலருக்கு என்ன ஆகிறது?

ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கட்டி நரம்புகளை நெரிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கிருமி உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வரலாம். ஊசி போடுபவரின் வாயில் இருக்கும் பாக்டீரியாவே காரணமாக இருந்த கேஸ்கள் உண்டு. அனஸ்தீசியா டாக்டர் மாஸ்க் போடாமல் முதுகைத் தொடக் கூடாது என்பது இதனால்தான். அடர்த்தியான மருந்து ஒரே இடத்தில் தேங்கினால் குதிரைவால் நரம்புகள் கெடலாம். அமெரிக்காவில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தியபோது இப்படி நடந்து, 1992-ல் அந்தக் குழாய்களையே திரும்பப் பெற்றார்கள்.

முதுகுவலி இந்தப் பட்டியலில் இல்லை. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு வருஷக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கும் முதுகில் போட்ட ஊசிக்கும் ஆய்வுகள் தொடர்பு காணவில்லை. ஊசி போடாமல் பிரசவித்தவர்களுக்கும் அந்த வலி வருகிறது.

பியருக்கு வந்த தலைவலியும் இன்று அதே அளவில் இல்லை. ஊசிகள் மெலிந்துவிட்டன. பென்சில் முனை மாதிரி, உறையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகிற ஊசி 1951-ல் வந்தது. தலையணை இல்லாமல் ஒரு நாள் முழுக்க மல்லாந்து படுக்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. அது தலைவலி வராமல் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. வந்த பிறகு படுத்தால் இதமாக இருக்கும், அவ்வளவே. வலி நிற்கவே இல்லையென்றால், நோயாளியின் கையிலிருந்து எடுத்த கொஞ்சம் ரத்தத்தையே முதுகில் ஓட்டைக்கு வெளியே செலுத்தி அடைக்கும் முறை 1960-லிருந்து இருக்கிறது. டயரில் பஞ்சர் ஒட்டுவது போலத்தான். பலருக்கு எழுந்து உட்காரும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஸ்பைனல் போட்டுக்கொள்ளப் போகிறவர் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை முன்கூட்டியே அனஸ்தீசியா டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து சில மணி நேரத்தில் கால் அசைய ஆரம்பிக்க வேண்டும். அசைவு திரும்பவில்லை, அல்லது திரும்பிய கால் மறுபடி மரத்துப் பலவீனமாகிறது, கடும் முதுகுவலி வருகிறது, சிறுநீர் போவது தெரியவில்லை என்றால் காலையில் பார்த்துக்கலாம் என்று விடக் கூடாது. கட்டிய ரத்தம் நெரிக்கிறதென்றால், கால் செயலிழக்கத் தொடங்கியதிலிருந்து 8 மணி நேரத்துக்குள் அதை ஆபரேஷன் செய்து நீக்கியவர்களுக்கே கால்கள் நன்றாகத் திரும்பியிருக்கின்றன.